பயப்படுகிறவர்களின் விசுவாசம்

"ராத்திரி முழுக்கச் செபமாலை சொன்னேன். காலையில ரிப்போர்ட் வாங்கப் போறப்போ கை நடுங்குது. அப்போ எனக்கு விசுவாசம் பத்தலையா?"

இந்தக் கேள்வியைப் புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் கேட்கலாம்; மாதா கோவில் இருக்கிற எந்த ஊரிலும் கேட்கலாம். கேட்கிறவர் தலையில் இரண்டு சுமை இருக்கிறது. ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்ற பயம் ஒன்று. பயப்படுகிறோமே, ஆண்டவர் என்ன நினைப்பாரோ என்ற பயம் இன்னொன்று. முதலாவதை இறக்கி வைக்க என்னால் ஆகாது, அது டாக்டர் பார்க்க வேண்டியது. இரண்டாவதை இறக்கலாம். அதைச் சுமக்கச் சொல்லி கிறிஸ்தவ வேதம் யாரிடமும் கேட்கவில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கைத் தீர்த்துவிடலாம். பயப்படாதே என்ற சொல் பைபிளில் 365 தடவை வருகிறது, நாளுக்கொன்றாக ஆண்டவர் கொடுத்திருக்கிறார் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள், வாட்ஸாப்பிலும் வந்திருக்கும். உட்கார்ந்து எண்ணினால் அந்த எண் வராது, அதைவிட நிறையக் குறைவாகத்தான் வரும். வந்தாலும் லீப் வருஷத்துக்கு ஒரு நாள் உதைக்கும். எண் போகட்டும். அந்தச் சொல் யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். கோவிலில் தூபம் காட்டிக்கொண்டிருந்த சகரியாவிடம், நாசரேத்து மரியாளிடம், வயல்வெளியில் ஆடு காத்தவர்களிடம், விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்களிடம். எல்லாருமே அந்த நேரத்தில் வெலவெலத்துப் போய் நின்றவர்கள். பயந்ததற்காக ஒருவரையும் வானதூதர் ஒதுக்கவில்லை. சகரியா ஊமையாகிப் போனாரே என்பீர்கள். அது பயந்ததற்காக நடக்கவில்லை. சொன்னதை நம்பாமல் அத்தாட்சி கேட்டதற்காக நடந்தது. பயம் வேறு, அவிசுவாசம் வேறு என்பதை லூக்கா அந்த ஒரே பக்கத்தில் பிரித்துக் காட்டிவிடுகிறார்.

இதைவிடப் பெரிய சாட்சி கெத்சமனித் தோட்டம். பிடிபடப்போகிற இரவில் இயேசு திகிலடைந்தார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். அப்போது அவர் செய்தவற்றை வரிசையாகப் பாருங்கள். கூட இருந்த மூன்று பேரிடம் தம் மனநிலையைச் சொன்னார். கொஞ்ச நேரம் விழித்திருங்கள் என்று கேட்டார். தனியே போய், இது எனக்கு வேண்டாம் என்று தந்தையிடம் நேரடியாகக் கேட்டார். மூன்று முறை கேட்டார். பிறகு, உம் விருப்பப்படியே ஆகட்டும் என்று எழுந்து, வருகிறவர்களை எதிர்கொண்டார். கடவுளின் மகன் என்று யாரைக் கிறிஸ்தவர்கள் வணங்குகிறார்களோ அவரே பயத்தை வாய்விட்டுச் சொல்லித் துணை கேட்டிருக்கும்போது, ரிப்போர்ட் வாங்கப் போகிற ஒரு பெண்ணின் கை நடுங்கக் கூடாது என்று சொல்ல எந்தப் போதகருக்கு உரிமை இருக்கிறது?

அந்த மூன்று நண்பர்களும் தூங்கிவிட்டார்கள் என்பதும் கதையில் இருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர் அதை இன்றுவரை ஒரு கடனாக வைத்திருக்கிறார்கள். பெரிய வியாழன் இரவு பூசை முடிந்ததும் நற்கருணையைத் தனிப் பீடத்துக்கு மாற்றி வைத்து, அன்பியம் என்கிற சிறு குழுக்களாக முறை போட்டு நள்ளிரவுவரை விழித்திருப்பது அதற்காகத்தான். பயந்திருக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான் அந்த வழிபாடு. புத்திமதி சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்தவம் பயத்துக்குச் சொல்லும் மருந்தில் பாதி அந்த இரவிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இயேசுவும் சீடர்களும் போன படகு புயலில் மாட்டிய கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதில் அதிகம் நிற்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கலிலேயா ஏரி சுமார் 21 கிலோமீட்டர் நீளம், 13 கிலோமீட்டர் அகலம். நம் கண்ணுக்கு அது கடலே இல்லை. அந்தப் படகில் இருந்தவர்களில் சிலர் அதே ஏரியில் வலை வீசிப் பிழைத்தவர்கள். தண்ணீர் தெரியாதவன் பயந்தால் சிரிக்கலாம். வீராம்பட்டினத்தில் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர் முகத்துவாரத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வேண்டாம் என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சீடர்களுடையது தொழில் தெரிந்தவர்களின் பயம். அதனால் அந்தப் பயத்தில் பொய் இல்லை.

ஜெர்மானியப் போதகர் தீத்ரிஹ் போன்ஹாஃபர் இதே படகை வைத்து 1933 ஜனவரி 15 அன்று பெர்லினில் ஒரு பிரசங்கம் செய்தார். சரியாகப் பதினைந்து நாள் கழித்து ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பயம் மனிதனை உள்ளிருந்து அரிக்கும், மற்ற மனிதரோடும் கடவுளோடும் அவனுக்கு இருக்கிற பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும் என்பது அந்தப் பேச்சின் சாரம். அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. 1939-இல் அமெரிக்காவுக்குப் போய்ப் பத்திரமாக இருந்திருக்கலாம். போய்ச் சில வாரங்களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். விசுவாசம் அவர் உயிரைக் காப்பாற்றவில்லை. பயம் தம்மைத் தம் மக்களிடமிருந்து பிரிக்காமல் பார்த்துக்கொள்ள அது அவருக்கு உதவியது.

பெர்லின்வரை போவானேன்? ஆற்றைத் தாண்டினால் புதுச்சேரி, கிழக்கே நடந்தால் கடல் என்று இருக்கிற அரியாங்குப்பத்துக்கே பயம் பழைய விருந்தாளி. 1748-இல் பாஸ்காவென் தலைமையில் வந்த ஆங்கிலப் படை முதலில் மோதியது அரியாங்குப்பத்துப் பிரெஞ்சுக் கோட்டையில். உள்ளே வெடிமருந்து தீப்பிடித்து வெடிக்க, காவலர்கள் கோட்டையை விட்டுப் பின்வாங்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த முற்றுகை மாதங்களைப் படித்தால், பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு அல்லாடியது தெரியும். நம் காலத்துக்கு வந்தால், 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல், அதில் புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்த மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல். இங்கே பயம் என்பது கற்பனை வியாதி என்று யாராவது சொன்னால், ஐப்பசியில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் பயத்தோடு விசுவாசம் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்று காட்ட நான் கூட்டிக்கொண்டு போக விரும்பும் இடம் அரிக்கமேடு. காக்காயந்தோப்புப் பக்கம், ஆற்றங்கரையில், ரோமானிய ஜாடித் துண்டுகளுக்கும் மணிகளுக்கும் பேர் போன மேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய பிறகு அது உலகப் புகழ் பெற்றது. அங்கே போகிறவர்கள் ரோமாபுரியைத் தேடிப் போய், நின்றுகொண்டிருக்கும் சில செங்கல் தூண்களையும் சுவர்களையும் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அவை ரோமானியர் காலத்தவை இல்லை. 18-ஆம் நூற்றாண்டு மிஷன் வீட்டின் மிச்சம். இயேசு சபையார் கட்டியது என்று பலர் சொல்வார்கள். பாரிஸ் வேதபோதக சபையின் குருமடம் என்று சொல்வதே பொருத்தம். அந்தக் குருமடம் இங்கே வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள்.

ஆசிய நாட்டுப் பையன்களைக் குருக்களாக்க 1665-ஐ ஒட்டி சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டு அயோத்தியாவில் இந்தச் சபையார் ஒரு குருமடம் தொடங்கினார்கள். சயாம், சீனா, இப்போது வியட்நாம் என்கிற கொச்சின்சீனா, தொங்கின் பகுதிகளிலிருந்து பையன்கள் வந்தார்கள். நூறு வருஷம் ஓடியது. 1760-களில் பர்மியப் படை வந்தது. 1767 ஏப்ரலில் அயோத்தியாவே எரிந்து விழுந்தது. அதற்கு முன்பே பையன்களும் ஆசிரியர்களும் தப்பி, கம்போடியா ஓரத்தில் ஹாதியென் சிற்றரசில் ஹோன் தாத் என்ற இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குத் தலைவராக வந்தவர் பிஞோ த பெஹேன். 1741-இல் பிறந்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

அங்கும் நிம்மதி இல்லை. சயாமிலிருந்து ஓடிவந்த ஓர் இளவரசருக்கு அடைக்கலம் கொடுத்ததாகக் குற்றம்சாட்டி, 1768 தொடக்கத்தில் உள்ளூர் ஆட்சியாளர் பிஞோவைச் சிறையில் போட்டார். கழுத்தில் கனத்த மரச்சட்டம் மாட்டி ஏறக்குறைய மூன்று மாதம் வைத்திருந்தார். வெளியே வந்து மறுபடி வகுப்பு தொடங்கினார். 1769-இல் கொள்ளைக்காரர்கள் குருமடத்தைத் தாக்கி மாணவர்கள் சிலரைக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அவர் அந்த வருஷக் கடைசியில் கடலில் ஏறினார். மலாக்கா வழியாக 1770-இல் அவர்கள் வந்திறங்கியது புதுச்சேரியில். அந்தப் புதுச்சேரியும் ஒன்பது வருஷம் முன்னால்தான் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டு, மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு இடிந்துபோன பட்டணம். ஊருக்குத் தெற்கே, வீராம்பட்டினத்துப் பக்கம், ஆற்றோரத்தில் குருமடம் அமைந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது சிறைவாசம் இல்லை. வீரக் கதைகளில் சிறை எப்போதும் இருக்கும். எனக்குப் பிடித்தது அடுத்த காரியம்: இங்கே வந்ததும் லத்தீன் பாடம் மறுபடி தொடங்கியது. தோழர்களைக் கொன்றதைக் கண்ணால் பார்த்த பையன்கள், தெரியாத நாட்டில், புரியாத பாஷை பேசுகிற மீனவர்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவில், காலையில் எழுந்து பூசை, பிறகு பாடம், சாப்பாடு, மாலையில் செபம் என்று நாளைக் கழித்தார்கள். பிஞோ, அந்நாட்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு 1772, 73 வாக்கில் அன்னமிய (வியட்நாமிய) மொழிக்கும் லத்தீனுக்கும் ஒரு பெரிய அகராதி தொகுத்தார். பின்னால் வந்த வியட்நாமிய அகராதிகளுக்கு அது அடித்தளம். நம்மூர் ஆற்றங்கரைக்கு இப்படி ஒரு பெருமை இருப்பது வியட்நாமில் தெரிகிற அளவுக்கு இங்கே தெரியாது என்பது தனி வருத்தம்.

பயத்தை ஜெயித்துவிட்டு அவர்கள் வேலையைத் தொடங்கவில்லை. வேலையைத் தொடங்கினார்கள், பயம் கூடவே உட்கார்ந்திருந்தது. 1778-இல் ஆங்கிலேயர் மறுபடி புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்தபோதும் குருமடம் இங்கேதான் இருந்தது. 1780-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் மறுபடி முளைத்து, இன்றும் அங்கே இருக்கிறது. அடிபட்டு, ஓடி, உட்கார்ந்து, மறுபடி பாடம். அன்றாட ஒழுங்கு என்கிற இந்தச் சாதாரண விஷயத்தைத்தான் பயந்த மனசுக்கு முதல் ஊன்றுகோலாகத் திருச்சபை பல நூற்றாண்டாகக் கொடுத்துவந்திருக்கிறது. நேரத்துக்கு மணி, நேரத்துக்குச் செபம். செபம் ஒட்டவில்லை என்றாலும் வாய் சொல்லட்டும், மனசு பின்னால் வரும் என்ற ஏற்பாடு.

பிஞோவை நான் புனிதராக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் பின்னாளில் ஆயராகி, கொச்சின்சீன அரசியலில் இறங்கினார். இங்வென் அன் என்ற இளவரசருக்காகப் பிரான்ஸ்வரை போய், 1787-இல் வெர்சாய் அரண்மனையில் ஒப்பந்தம் போட்டு, அரசு கைவிட்டதும் புதுச்சேரியில் கப்பலும் ஆயுதமும் ஆளும் திரட்டிக்கொண்டு போனார். ஆயர் செய்கிற வேலையா அது என்று அன்றே கேட்டார்கள், நானும் கேட்பேன். பயமின்மை மட்டுமே ஒரு குணமாகிவிடாது என்பதற்கு அவரே உதாரணம். மரச்சட்டத்தைத் தாங்கிய கழுத்து, அடுத்தவர் நாட்டு யுத்தத்தையும் தாங்கத் துணிந்துவிட்டது.

துணிச்சலைப் போலவே வேத வாக்கையும் தப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். இரவில் உறங்குமுன் குருக்கள் சொல்லும் செபத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றிருப்பது 91-ஆம் சங்கீதம். கத்தோலிக்கர் இப்போது திருப்பாடல் என்பார்கள். இராப் பயம், கொள்ளைநோய், பறக்கும் அம்பு எதுவும் அண்டாது என்று நம்பிக்கை சொல்லும் பாட்டு அது. கொரோனா காலத்தில் அதை அச்சடித்துக் கதவில் ஒட்டியவர்கள் உண்டு. ஒட்டியதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சங்கீதத்தைச் சுவிசேஷத்தில் மேற்கோள் காட்டுகிறவர் யார் தெரியுமா? சாத்தான். கோவில் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதே என்கிறது அது. இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிடுகிறார். விசுவாசத்தை இன்ஷூரன்ஸ் பாலிசியாக வாசிப்பது யாருடைய வாசிப்பு என்பதை மத்தேயுவும் லூக்காவும் இப்படித் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். மாஸ்க் வேண்டாம், மாத்திரை வேண்டாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மேடையில் முழங்கியவர்கள் அந்த அதிகாரத்தை மறுபடி ஒரு தடவை படிப்பது நல்லது.

இந்த இடத்தில் சுனாமியைப் பேசாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்திருந்த யாத்ரிகர் கூட்டம். காலையில் கடல் ஏறி வந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. கடற்கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நாகை மாவட்டம் முழுவதும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களை மாதா காப்பாற்றினார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். பிழைத்தவர் நன்றி சொல்லட்டும், அது அவர் உரிமை. ஆனால் அதை ஒரு தத்துவமாக்கி மற்றவர் சொன்னால், பூசை முடித்துக் கரையில் கால் நனைக்கப் போன குழந்தைக்கு மாதா என்ன செய்தார் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. மேடையில் பதில் வைத்திருப்பவர்களை நம்பாதீர்கள்.

திருச்சபையின் காலண்டர் இந்த விஷயத்தில் பல பிரசங்கிகளைவிட நேர்மையானது. 25-ஆம் தேதி குழந்தை பிறக்கிறது. 26-ஆம் தேதி கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பரின் திருநாள். 28-ஆம் தேதி ஏரோதின் ஆட்கள் வெட்டிய பெத்லகேம் குழந்தைகளின் நினைவு. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே இத்தனை சாவை வைத்திருக்கிற மதம், விசுவாசிக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படிச் சொல்லும்? சொல்லவில்லை. நடப்பது எதுவாக இருந்தாலும் அதில் நீ தனியாக இருக்கமாட்டாய் என்பதுதான் அது கொடுக்கும் வாக்கு. சின்ன வாக்கு மாதிரி தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சின்னது இல்லை என்று.

அதே ஞாயிற்றுக்கிழமை, அரியாங்குப்பம் கொம்யூனில் இருக்கிற நல்லவாடு மீனவர் கிராமத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்றார்கள். ஓடுங்கள், எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். அலை வீச்சு எத்தனை அடி என்று தினமும் மீனவர்களுக்கு அறிவிக்க வைத்த ஒலிபெருக்கி அது. சுமார் 500 குடும்பங்கள். வீடும் படகும் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. இது கிறிஸ்தவக் கதை அல்ல. அங்கே யாரும் சங்கீதம் வாசிக்கவில்லை. ஆனால் பயம் எதற்காக இருக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதுதான் அறிவு என்று வள்ளுவர் சொன்னதும் இதைத்தான். பயம் வீட்டு நாய் மாதிரி. குரைத்தால் எழுந்து வாசலைப் பார்க்க வேண்டும். நாயை அடித்துக் கொல்லவும் கூடாது, சாவிக்கொத்தை அதன் கழுத்தில் கட்டிவிடவும் கூடாது.

சரி, வாசலைப் பார்த்தாயிற்று. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ரிப்போர்ட் நாளைக்குத்தான். இந்த ராத்திரியை என்ன செய்வது?

இதற்குத்தான் சங்கீதப் புத்தகம். அதிலுள்ள 150-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். பொதுவாக அவை போகிற போக்கு ஒரே மாதிரி இருக்கும். முதலில் கடவுளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அடுத்து குறை; அதில் மரியாதை எல்லாம் பார்ப்பதில்லை, ஏன் தூங்குகிறீர், எவ்வளவு நாள் மறைந்திருப்பீர் என்று சண்டைக்கே போவது. பிறகு இன்னது வேண்டும் என்று பச்சையாகக் கேட்பது. பிறகு, முன்னால் செய்த உதவியை நினைத்துப் பார்ப்பது. கடைசியில் எங்கோ ஓரிடத்தில் குரல் மாறி, நன்றி சொல்லத் தொடங்குவது. நிலைமை ஒன்றும் மாறியிருக்காது. சொல்லி முடித்தவர் கொஞ்சம் மாறியிருப்பார். சிலுவையில் இயேசு எடுத்தது இந்த வகையான 22-ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை. 23-ஐ எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். முந்தின பக்கத்தில் இருப்பது 22.

இதில் 88-ஆம் சங்கீதம் மட்டும் தனி. அது கடைசிவரை இருட்டு. நன்றியும் இல்லை, விடிவும் இல்லை, இருளிலேயே முடிகிறது. வேதத்தைத் தொகுத்தவர்கள் அதைத் தூக்கி வெளியே போடவில்லை. சில இரவுகள் அப்படித்தான் முடியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் செபமும் ஒரு நாள் அப்படி முடிந்தால், அது தோற்ற செபம் இல்லை. நம்ம பாட்டிமார் மாதா சுரூபத்துக்கு முன்னால் முந்தானையை ஏந்தி, நீயும் பிள்ளை பெத்தவதானே, உனக்குத் தெரியலையா என்று அழுவார்களே, அதுவும் இந்த மரபுதான். எழுத்து வாசனை இல்லாமலே புலம்பல் சங்கீதத்தின் இலக்கணம் அவர்களுக்குக் கைவந்திருந்தது. அரியாங்குப்பம் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இல்லை. அழுவதற்கு இடம் கொடுக்கிற கோவிலுக்கு யாரும் சாதிச் சான்றிதழோடு வருவதில்லை.

கடைசியாக ஒரு பழைய பயத்தைப் பற்றி. நம்மில் வயதானவர்களுக்கு, வீட்டுக்குள் சாமியார் எண்ணெயோடு நுழைந்தால் உயிர் போகப்போகிறது என்று அர்த்தம். அதை அவஸ்தைப் பூசுதல் என்றுதான் சொன்னார்கள். நோயாளி பயந்துவிடுவார் என்று சாமியாரைக் கூப்பிடாமலே வைத்திருந்து, நினைவு தப்பிய பிறகு ஆள் அனுப்பின குடும்பங்கள் எத்தனையோ. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1972 நவம்பரில் ஆறாம் பவுல் பாப்பரசர் இந்தச் சடங்கைத் திருத்தினார். சாகக் கிடப்பவருக்கு மட்டும் என்பதில்லை. நோய் பலமாகத் தாக்கும்போதே, பெரிய ஆபரேஷனுக்கு முன்பே, முதுமையில் தளர்ந்தவர்க்கும் பூசலாம். நெற்றியிலும் கைகளிலும், விழிப்போடு இருக்கும்போது, வீட்டார் சுற்றி நிற்க. ஒருமுறை பூசியவருக்கு நோய் முற்றினால் மறுபடியும் பூசலாம். இது வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் பல வீடுகளில், பூசச் சொல்லலாமா என்று கேட்டால், ஐயோ அதெல்லாம் வேண்டாம், அம்மா பயந்துடுவாங்க என்கிறார்கள். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பயப்படுவது பெரும்பாலும் பிள்ளைகள். அம்மாவுக்கு வேண்டியது, நான் பயப்படுகிறேன் என்று சொல்ல ஓர் ஆள்.

ஆகவே அந்த முதல் கேள்விக்கு என் பதில் இது: கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கும் கையோடு போய் ரிப்போர்ட்டை வாங்குங்கள், தனியாகப் போகாதீர்கள். உங்கள் அன்பியத்தில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வருகிறது என்று தெரிந்தால் வசனத்தை அனுப்பிவிட்டு நிறுத்திவிடாமல், கூடப் பஸ் ஏறுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, வீட்டை விட்டு வெளியே போகவே முடியவில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது விசுவாசக் குறைவும் இல்லை, பேயும் இல்லை. வைத்தியம் இருக்கிற வியாதி. செபத்தை நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்கிற செபக்கூட்டத்துக்கு மறுபடி போகாதீர்கள். ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை என்றால், மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம்.